நாயகன்: வாய் திறக்காத தெரு

போன சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை, காற்றும் சேர்ந்துகொண்டது, வெளியே தலைகாட்ட வழியில்லை. அப்பாவும் நானும் அண்ணன் மகளும் உட்கார்ந்து நாயகன் பார்த்தோம். அண்ணன் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள், அவளுக்கு இதுதான் முதல் தடவை. நான் பல தடவை பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு இரண்டாவது தடவை. அவர் முதல் தடவை பார்த்ததும் நான் முதல் தடவை பார்த்ததும் ஒரே இரவில்தான், 1990இல், இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில்.

இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் நேராகவே சொல்லிவிடுகிறேன், பாருங்கள். ஒரு தாதா எப்படி எழுந்தான், எப்படி விழுந்தான் என்று தமிழில் எடுத்த படங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறு படம் தெரியவில்லை. 1987 தீபாவளிக்கு வந்தது. மணிரத்னம் இயக்கம், பாலகுமாரன் வசனம், இளையராஜாவுக்கு இது 400ஆவது படம். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர், பி.சி.ஸ்ரீராமுக்குச் சிறந்த ஒளிப்பதிவு, தோட்டா தரணிக்குச் சிறந்த கலை இயக்கம் என்று மூன்று தேசிய விருதுகள். அந்த வருடம் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பிய படமும் இதுதான். 2005இல் டைம் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 100 படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது அதிலும் இருந்தது. இதெல்லாம் ஊரறிந்த விசயம். நான் எழுத வந்தது வேறு. இந்தப் படத்தில் கமல் நடித்த தாதா வேலு நாயக்கரை விட அவரைச் சுற்றி நிற்கும் சனம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தச் சனம் எப்போது பேசுகிறது, எப்போது வாயை மூடிக்கொள்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே போனால் படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது, எனக்கு ஆகிவிட்டது.

முதலில் 1990ஐச் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கரண்ட் இல்லை. டவுனிலிருந்து டீவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு எடுத்து வந்து, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் மேசை போட்டு வைப்பார்கள், ஒரு ராத்திரிக்கு மூன்று படம். சாக்கை விரித்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் விடிய விடியப் பார்க்கலாம். நாயகன் மூன்றாவது படம், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்த கசெட், இருட்டான காட்சிகளில் கறுப்பாக ஏதோ அசைவது மட்டும்தான் தெரியும், இந்தப் படத்தில் பாதிக் காட்சிகள் இருட்டில்தான் நடக்கின்றன. ஆகவே அன்றைக்கு நாங்கள் படத்தைக் காதால்தான் பார்த்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா முன் வரிசையில் கதிரையில் இருந்தார், ஏனென்றால் அவர்தான் தோட்டத்துத் தலைவர், சங்கத்தின் தலைவர். கடைசிக் காட்சி முடிந்து திரை வெறுமையானபோது பின்னாலிருந்து யாரோ ஒருவர், "நம்ம தலைவர் மாதிரியே" என்றார். நான் அன்று பட்ட பெருமைக்கு அளவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வேலுவின் அப்பா ஒரு தொழிற்சங்கத் தலைவர், தலைமறைவாக இருக்கிறார். பொலிஸ் சின்னப் பையனைப் பிடித்து, தந்திரமாக விட்டுவிட்டு, அவன் பின்னாலேயே போய் அப்பாவைக் கண்டுபிடித்துச் சுட்டுவிடுகிறது. பையன் அந்தப் பொலிஸ்காரனைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். தாராவியில் ஹுசேன் பாய் என்ற நல்ல மனுசன், சின்ன அளவில் கடத்தல் செய்கிறவர், எடுத்து வளர்க்கிறார். அவர் கையிலிருந்து தொழில் வேலுவின் கைக்கு வருகிறது. அப்புறம் மனைவி, இரண்டு பிள்ளைகள், எதிரிகள், சாவுகள், கோர்ட்டு.

அந்த ஆரம்பக் காட்சி இருக்கிறதே, அதை மலையகத்தில் ஒருவர் பார்ப்பதற்கும் வேறு இடத்தில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சங்கத் தலைவரைப் பொலிஸ் சுடுவது நமக்குச் சினிமாக் கதை கிடையாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தனின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் அப்பா ஒவ்வொரு கூட்டத்தையும் ஆரம்பிப்பார். 1977இல் டெவன் தோட்டத்தில் காணி போகக்கூடாது என்று நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் செத்ததை அப்பா தலைமுறை ஆட்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். அதனால் அந்தச் சின்னப் பையன் கத்தியை எடுக்கும்போது எங்கள் சனத்தில் ஒருவரும் அது குற்றம் என்று நினைக்கவில்லை. மணிரத்னம் படம் முழுக்க வைக்கப்போகும் கேள்விக்கு நம்மை இந்த முதல் காட்சியிலேயே ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறார். ஒரு கொலையை நியாயம் என்று ஒத்துக்கொண்டாயிற்று. இனி எந்தக் கொலையில் நிறுத்துவது? 35 வருடம் கழித்துத்தான் எனக்கு அது புரிந்தது.

தாராவியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பெரும்பகுதி மெட்ராஸில் போட்ட செட் என்பதை நான் பின்னால் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன், கண்ணால் பார்த்தால் நம்ப முடியாது. தகரக் கூரை, ஒடுங்கின சந்து, ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற சுவர், எல்லோருக்கும் பொதுவான தண்ணீர். காலையில் பீலியடியில், பொதுத் தண்ணீர் விழுகிற இடத்தில், வாளியை வரிசையாக வைத்துவிட்டு நிற்கிற எங்களுக்கு அந்தச் சந்துகளில் வழி கேட்கத் தேவையில்லை. எங்கள் லயத்தில் பத்துக் காம்பிரா, அதாவது பத்து அறை, ஒரு காம்பிராவில் இருமினால் நாலாவது காம்பிராவில் கசாயம் போடலாமா என்று கேட்பார்கள். அப்படி வாழ்கிற இடத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தோட்டா தரணி அந்த நெருக்கத்தைக் கட்டி வைத்திருக்கிறார். பின்னால் வரப்போகும் ஒரு காட்சிக்கு அந்த நெருக்கம் அவசியம், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விசயத்தை எல்லோரும் சேர்ந்து தெரியாது என்று சொல்ல வேண்டும்.

அதோடு மொழி. வேலுவுக்கு இந்தி வராது. பம்பாயில் இருந்து, பம்பாயிலேயே பெரிய ஆளாகி, கடைசிவரை தமிழ்தான். டெல்லி கணேஷ் நடித்த ஐயர் பாத்திரம்தான் அவருக்கு இந்தி பேசித் தருவது. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐயரை அதிகம் சொல்வதில்லை, எனக்கு அவர்தான் ரொம்ப நெருக்கமானவர். எங்கள் அப்பாவுக்குச் சிங்களம் பேச அரைகுறையாக வரும், வாசிக்க வராது. பொலிசுக்கோ கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் மேல் லயத்தில் இருந்த ஒரு மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார், அவர் டவுனில் கடையில் நின்று சிங்களம் பழகினவர். வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அந்த மாமா சொன்னால்தான் லயத்துக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில் ஒரு சனம் இருந்தால் அதற்குத் தானாகவே ஒரு தலைவர் தேவைப்படுகிறார், அந்தத் தலைவருக்கு ஒரு ஐயர் தேவைப்படுகிறார். வேலு நாயக்கர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் துப்பாக்கியிலிருந்தும் கடத்தலிலிருந்தும் வந்தார் என்று சொல்வதைவிட, பொலிஸ் ஸ்டேசனில் தன் மொழியில் ஒரு முறைப்பாடு எழுதக் கொடுக்க முடியாததிலிருந்து வந்தார் என்று சொல்வது சரி. டெல்லி கணேஷ் அந்த மனுசனைக் கொஞ்சம் குனிந்த முதுகோடு, எப்போதும் யாருக்கோ பதில் சொல்லக் காத்திருக்கிற முகத்தோடு செய்திருக்கிறார். அதிலேயே எல்லாம் இருக்கிறது.

இனி அந்தக் காட்சி. இன்ஸ்பெக்டர் கேல்கர் ஹுசேன் பாயை லொக்கப்பில் வைத்துக் கொன்றுவிட்டுத் தற்கொலை என்று காட்டுகிறான். வேலு அவனைப் பட்டப்பகலில், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க அடித்துக் கொல்கிறான். அப்புறம் விசாரணை வருகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்தோம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. படத்தின் முதல் பாதியில் இதைவிட முக்கியமான இடம் கிடையாது. வேலு பெரிய ஆளானது கேல்கரை அடித்தபோது அல்ல, தெரு முழுக்கத் தெரியாது என்று சொன்னபோதுதான். அடிக்கிறவன் எந்த ஊரிலும் இருப்பான். அவனுக்காக ஊரே பேசாமல் நின்றால்தான் அவன் நாயகன்.

இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, நானே அப்படி நின்றிருக்கிறேன். படம் பார்த்த அடுத்த வருடம். கீழ் லயத்தில் ஒருவர் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், விற்றார். சம்பளம் போட்ட அன்று ஆம்பளைகள் பாதிச் சம்பளத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வருவார்கள், பெண்கள் அப்பாவிடம் வந்து அழுவார்கள். அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை நாலு பேரோடு போனார். அந்த ஆளின் வலது கை முறிந்துவிட்டது. அடுத்த நாள் பொலிஸ் ஜீப் வந்தது. சிங்களத்தில் கேட்டதை வாட்சர் தமிழில் திருப்பிக் கேட்டார், யார் அடித்தது என்று. இரண்டு லயம், இருபது காம்பிரா, எல்லோரும் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்றோம். தெரியாதுங்க. பார்க்கலங்க. கொழுந்துக்குப் போயிருந்தோமுங்க. என்னிடமும் கேட்டார்கள். நான் தெரியாது என்று சொன்னேன், பத்து வயதில், தலையை நிமிர்த்தி, அந்தப் படத்துத் தெருவில் நிற்கிறோம் என்ற நினைப்போடு சொன்னேன். ஜீப் திரும்பிப் போனது. அன்று ராத்திரி அப்பா பெரிய ஆளாகிவிட்டார், எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும்.

கை முறிந்தவரின் மகள் என்னோடு ஒரே வகுப்பு. அவளை இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நீலா. சரண்யாவின் முதல் படம் இது. விபச்சார விடுதியில் முதல்முதலாக வேலுவைப் பார்க்கிற அந்தப் பெண், கொஞ்சம் சீக்கிரமாக விட்டுவிடுவீர்களா என்று கேட்கிறாள், நாளைக்குக் கணக்குப் பரீட்சையாம். நான் கணக்கு டீச்சர். 20 வருடத்துக்கு மேலாகத் தோட்டப் பாடசாலைகளில் கணக்குத்தான் படிப்பித்து வருகிறேன். அந்தக் காட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், என்றாலும் எனக்கு அது ஒவ்வொரு தடவையும் தொண்டையில் நிற்கிறது. அதில் அழுகை இல்லை, இசை நம்மைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ஒரு பிள்ளை தனக்கு நடந்துகொண்டிருப்பதையும் பரீட்சையையும் ஒரே நாள் வேலைகளாகக் கணக்குப் பார்க்கிறாள், இது முடிந்தால் அது என்று. எங்கள் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். காலையில் தம்பிக்கு ரொட்டி சுட்டுவிட்டு, அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் காயப்போட்டுவிட்டு, மூன்று மைல் நடந்து வந்து அட்சரகணிதம் செய்கிற பிள்ளைகள். ஒரு நாள் வரமாட்டாள். கேட்டால் கொழும்புக்குப் போய்விட்டாள் என்பார்கள், வீட்டு வேலைக்கு. கதிரை வெறுமையாக இருக்கும், இரண்டு வாரத்தில் இன்னொரு பிள்ளை அதில் உட்கார்ந்துவிடும்.

கை முறிந்தவரின் மகளும் அப்படித்தான் போனாள். அவருக்குப் பழையபடி தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியவில்லை, பேர் விழவில்லை, அதாவது நாள் கூலி கிடைக்கவில்லை, வீட்டில் ஐந்து பேர். ஐந்தாம் வகுப்பு முடிக்கவில்லை. அப்பா அந்த வீட்டுக்கு அரிசியும் மாவும் அனுப்பினார், யார் கொடுத்தது என்று சொல்லாமல். இது எனக்கு அப்போது தெரியாது, அம்மா சாகும் முன் சொன்னாள். படத்தில் வேலு கேல்கரின் மனைவிக்கும், மனநிலை சரியில்லாத மகனுக்கும் பணம் கொடுத்துவருவார், அம்மா சொன்னதைக் கேட்டதும் அந்தக் காட்சி நினைவுக்கு வந்து, நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். படம் பார்த்து அப்பா செய்தாரா, இல்லை மனுசர்கள் எங்கேயும் அப்படித்தான் செய்வார்களா, தெரியவில்லை.

இங்கேதான் எனக்குப் படத்தோடு ஒரு பெரிய மனத்தாங்கல். வேலு நாயக்கருக்கு மூலம் வரதராஜ முதலியார் என்று எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போய், பம்பாயில் விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, பிறகு அந்த ஊரையே ஆட்டி வைத்தவர், 1988 ஜனவரியில், படம் வந்து மூன்று மாதத்துக்குள், மெட்ராஸில் செத்துப்போனார். அவருடைய தொழிலில் பெரிய பங்கு கள்ளச்சாராயம். படத்தில் அது எங்கே? கடலில் வருகிற கடத்தல் சாமான்தான் நமக்குக் காட்டப்படுகிறது, வாங்குகிறவன் யாரோ பணக்காரன், நட்டம் கஸ்டம்ஸுக்கு, அதாவது சர்க்காருக்கு. சுத்தமான குற்றம். சாராயம் அப்படியில்லை, அதைக் குடிப்பவன் அதே சந்தில் இருக்கிறான், அடி வாங்குகிற மனைவியும் அதே சந்தில் இருக்கிறாள். கசிப்பு எங்கள் தோட்டங்களுக்குச் செய்ததைப் பார்த்த எவருக்கும் இந்த மறைப்பு கண்ணில் குத்தும். தாராவிக்காரர்களுக்குச் சாராயம் விற்றுக்கொண்டே தாராவிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வண்டி வாங்கிக் கொடுக்கிற ஒரு வேலு நாயக்கரை மணிரத்னம் காட்டியிருந்தால், பேரப்பிள்ளை கடைசியில் கேட்கிற கேள்விக்கு இன்னும் எத்தனை கனம் வந்திருக்கும். கொஞ்சம் பயந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நாம் வேலுவை வெறுத்துவிடக்கூடாது என்ற பயம்.

இதை 1972இல் வந்த காட்ஃபாதரோடு ஒப்பிடுவது வழக்கம், மகன் செத்துக் கிடக்கிற இடம், வயதான கமலின் கன்னமும் குரலும் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு குடும்பத்தின் கதை, கதவு சாத்தின அறைக்குள் நடக்கிறது. இது கதவே இல்லாத இடத்துக் கதை. வேலுவின் வீட்டு வாசலில் எப்போதும் பத்துப் பேர் நிற்கிறார்கள், யாருக்கோ வேலை, யாருக்கோ வைத்தியம், யாருக்கோ பொலிஸ் தொல்லை. அந்த வரிசை எங்கள் இஸ்தோப்பிலும் நின்றது, அம்மா பிளேன்டி ஊற்றி ஊற்றி ஓய்ந்துபோவாள். குடிசைகளை இடிக்கப் போகிறவனின் மாளிகைக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், வீடு உடைந்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்குக் காட்டுகிற காட்சி உண்டே, 1990இல் பிரட்டுக்களத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து கை தட்டினார்கள்.

இசையைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல. ‘தென்பாண்டிச் சீமையிலே’ பாட்டு படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு அர்த்தத்தோடு வருகிறது. தென்பாண்டிச் சீமை என்றால் எங்கள் பாட்டன் பூட்டன் விட்டுவிட்டு வந்த இடம், ராமநாதபுரம், திருநெல்வேலி, அந்தப் பக்கம். அப்பாவின் அண்ணன் குடும்பம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் காட்டிலேயே நின்றது, பெரியப்பா திரும்பி வரவேயில்லை. அந்தப் பாட்டு வரும்போது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அன்றும் இன்றும். அப்புறம் மகன் சூர்யா செத்த இடத்தில் கமல் அழுகிற அழுகை. மேடைகளில் மிமிக்ரிக்காரர்கள் அதைச் செய்து செய்து நமக்குப் பழக்கிவிட்டார்கள். தயவுசெய்து அதையெல்லாம் மறந்துவிட்டுப் பாருங்கள். அழத் தெரியாத ஒருவனுக்கு அழுகை வந்தால் அது எந்த வழியாக வெளியே வரும் என்று தெரியாமல் முட்டுகிறது, அதுதான் அந்தச் சத்தம். அண்ணன் மகள் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

குறைகள் இன்னும் உண்டு. நீலா கல்யாணத்துக்குப் பிறகு பாட்டுக்குள் போய்விடுகிறாள், நல்ல பாட்டுத்தான், ஆனால் பரீட்சையைப் பற்றிப் பேசின அந்தப் பெண் அதற்குப் பிறகு தன் மனசிலுள்ளதைப் பேச ஒரு காட்சி கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை, எதிரிகளின் குண்டுக்குச் சாவதற்கு மட்டும் திரும்பி வருகிறாள். வேலுவின் எதிரிகளுக்கு முகம் இருக்கிறது, மனசு இல்லை. படகில் வரும் ‘நிலா அது வானத்து மேலே’ கேட்க இனிமை, படத்தின் ஓட்டத்தை நிறுத்தி வைக்கிறது. பிள்ளைகள் மெட்ராஸில் படித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு கதை அவசரப்படுகிறது, இன்னும் ஒரு பத்து நிமிடம் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பகுதியில்தான் சாரு வருகிறாள். வேலுவின் மகள், கார்த்திகா நடித்தது. அண்ணன் சூர்யா அப்பாவின் தொழிலில் இறங்கித் தீயில் கருகிச் செத்த பிறகு அவள் அப்பாவை நிறுத்தி வைத்துக் கேட்கிறாள். அதற்கு வேலு, முதலில் அவர்களை நிறுத்தச் சொல், நான் நிறுத்துகிறேன் என்று தன் அப்பாவைக் கொன்றவர்களில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறார். தியேட்டரில் கை தட்டல் வாங்குகிற பதில். 1990இல் நானும் தட்டினேன். இப்போது பார்த்தால் அந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, சாரு கேட்டது வேலுவுக்கு நடந்ததைப் பற்றி அல்ல, வேலு செய்ததைப் பற்றி. அவள் வீட்டை விட்டுப் போகிறாள். எனக்கு வேலுவின் வீழ்ச்சி அந்த நிமிடத்தில் நடந்துவிட்டது, கோர்ட்டு வாசலில் வெடிக்கிற துப்பாக்கி அதற்குப் பிறகு வருகிற ஒரு சத்தம்தான். படம் முழுக்க, அத்தனை சனத்தில், அவரிடம் முகத்துக்கு நேரே கேட்ட ஒரே ஆள் அவள்.

ஏனென்றால் மற்றவர்கள் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கேல்கர் செத்தபோது வாய் திறக்காததற்குக் காரணம் நன்றி. பிந்தின காலத்தில், வேலு வயதாகி, அவர் சொல்லுக்கு ஆட்கள் ஓடுகிற காலத்தில் வாய் திறக்காததற்குக் காரணம் என்ன? நன்றியும் இருக்கும், பயமும் இருக்கும், பழக்கமும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். நாசர் நடித்த அந்தப் பொலிஸ் அதிகாரி, தெரியாமலே வேலுவுக்கு மருமகனாகிவிட்டவர், தாராவிச் சனத்தைப் பிடித்து உதைத்துக் கேட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இவர்கள் படுகிற பாட்டைப் பொறுக்க முடியாமல் வேலு தானே சரணடைகிறார். கோர்ட்டில் சாட்சி இல்லாமல் விடுதலை. கடைசியில் அவரைச் சுடுவது கேல்கரின் மகன், புத்தி பேதலித்தவன், டினு ஆனந்த் நடித்தது. பேசாத ஊரில் பேசாமல் இருக்க வேண்டும் என்ற புத்தி அவனுக்கு மட்டும் இல்லை. அதற்குச் சற்று முன்னால் பேரப்பிள்ளை கேட்கிறான், நீங்க நல்லவரா கெட்டவரா என்று. தெரியலையே என்கிறார் வேலு. பதில் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள், ஒருவரிடமும் அந்தப் பிள்ளை கேட்கவில்லை.

படம் முடிந்ததும் நான் விளக்கைப் போடவில்லை. அண்ணன் மகள்தான் முதலில் பேசினாள். "தாத்தா, அந்த லூசுப் பையன் அவர் குடுத்த காசுலதானே சாப்பிட்டு வளந்தான்?" ஆமாம் என்றார் அப்பா. கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, கீழ் லயத்து அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள் இப்ப எங்க இருக்கா என்று கேட்டார். 35 வருடத்தில் அந்தப் பெயரை அப்பா வாயால் நான் கேட்டதில்லை. பண்டாரவளைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கு, இரண்டு பிள்ளைகள், பெரியவன் படிக்கிறான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கணக்கு ஓடுமா அவனுக்கு என்று கேட்டார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு விசயம். பழைய, மங்கின பிரதியில் பார்க்காதீர்கள். 2023 நவம்பரில் புதுப்பித்து மறுபடி திரையரங்குகளுக்கு வந்தது, அந்த மாதிரித் தெளிவான பிரதி கிடைத்தால் எடுங்கள். அப்போதுதான் ஸ்ரீராம் எதை இருட்டில் வைத்தார், எதில் மட்டும் வெளிச்சம் விழ வைத்தார் என்று தெரியும், நான் கேல்கர் காட்சியில் சுற்றி நிற்கிறவர்களின் முகங்களை இந்தத் தடவைதான் சரியாகப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் லொக்கப், விடுதிக் காட்சிகள் இருக்கின்றன, பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு, இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பார்க்கிற படம்.

அப்பா இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறார், வருகிற போயா, பௌர்ணமி லீவு அன்று. முதல் பாதி மட்டும் போதுமாம்.